தரிசாய்க் கிடந்த ஆறரை ஏக்கர்

காகிதத்தில் பன்னிரண்டு ஏக்கர் வெங்காயம் நின்றது. நிலம் அளக்கும் செயலியைக் கைபேசியில் ஓடவிட்டு வரப்பு வரப்பாக நடந்து முடித்தபோது ஐந்தரை ஏக்கர்தான் தேறியது. மிச்சம் ஆறரை ஏக்கரில் இடுப்புயர முள்ளும் கோரையும் மண்டிக் கிடந்தன. கள அலுவலர் நம்பாமல் இன்னொரு சுற்று நடந்தாள். வெயிலில் தலை கிறுகிறுத்ததே தவிர, ஏக்கர் கூடவில்லை.

அவளுக்கு இதில் இரண்டு தலைவலி. பன்னிரண்டு ஏக்கருக்கும் பயிர்க்கடன் கொடுத்திருந்தது அவள் வேலை பார்க்கும் விவசாய வங்கிக் கிளை. வாங்கியிருந்தவர் அவளுடைய மாமனார்.

கல்யாணமாகி நான்கு வருஷம் ஆகியும் அவள் வேலை தூரத்துக் கிளையில்தான் இருந்தது. வார விடுமுறைக்கு வந்து போவதோடு சரி. மாறுதல் கிடைத்து, புகுந்த வீட்டோடு வந்து தங்கி மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. ஓய்வுபெற்ற சர்வேயரான மாமனார், அன்று காலையில்கூடச் செய்தித்தாளிலிருந்து கண்ணை எடுக்காமலே சொல்லியிருந்தார்: "உன் லிஸ்ட்ல என் பேரும் இருக்கும்மா. ஒரு டிக் போட்டு அனுப்பு. போய் வெயில்ல காயாதே."

அக்கறையில் சொல்கிறார் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

"யாரது, பயிருக்குள்ள பரேடு நடத்துறது?"

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பத்தைந்து வயதிருக்கும். முழங்கால் வரை சேறு. அந்த நிலத்தைக் குத்தகைக்கு உழுகிறவள். விதைக்கடை முதல் லாரிக்காரர் வரை எல்லோரும் அவளைக் 'கறார்' என்றுதான் கூப்பிட்டார்கள். சொன்ன விலையிலிருந்து அவளை யாரும் இறக்கியதில்லை.

"பேங்க்ல இருந்து வர்றேங்க்கா. பயிர் ஆய்வு."

"ஆய்ஞ்சாச்சா? வழி அந்தப் பக்கம்."

"பன்னிரண்டு ஏக்கருக்குக் கடன் போயிருக்கு. நீங்க ஐந்தரைதான் நட்டிருக்கீங்க. மிச்ச நிலத்தை ஏன் சும்மா போட்டிருக்கீங்க?"

கறார் அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு சிரித்தாள். கேட்கிறவர் முகத்தில் அறைகிற மாதிரியான சிரிப்பு அது.

"சர்வேயர் வீட்டு மருமகதானே நீ? பட்டறைக்காரன் பொண்டாட்டி? வேவு பார்க்க அனுப்பிச்சாரா? நான் எத்தனை ஏக்கர் நட்டேன்னு அவருக்குத் தெரியாதா என்ன?"

"யாரும் அனுப்பல. நானாத்தான் வந்தேன்."

"அப்போ நீயே கேட்டுக்கோ. உங்க பேங்க் பணம் எனக்கு மூணு வட்டிக்கு வருது. நூத்துக்கு மாசம் மூணு. அந்த வட்டியில ஐந்தரை ஏக்கருக்கு மேல தொட்டா, விளையறது எல்லாம் அவருக்கே போயிடும். எனக்குத் தூக்குக்கயிறு வாங்கக்கூட மிச்சம் இருக்காது. எழுதிக்கிட்டியா? கிளம்பு. மடை திறக்கணும்."

சொன்ன கையோடு மடையை வெட்டிவிட்டாள். தண்ணீர் பாத்திக்குள் பாய்ந்து, கள அலுவலரின் செருப்பை நனைத்துக்கொண்டு ஓடியது. நகரச் சொல்லி எச்சரிக்கும் மரியாதைகூட அவளிடம் இல்லை.

ஸ்கூட்டரில் திரும்பும்போது மனக்கணக்கு தானாக ஓடியது. வங்கி விவசாயத்துக்கென்று வருஷத்துக்கு ஏழு வட்டியில் கொடுக்கிறது. அந்தக் குறைந்த வட்டிக்கு ஈடுகட்டுவது அரசாங்கம், அதாவது ஊர் உலகத்தின் வரிப்பணம். அதை வாங்கி, ஒரு பிடி மண்ணைக்கூடத் தொடாமல், அப்படியே கைமாற்றி வருஷத்துக்கு முப்பத்தாறாக வசூலிக்கிறார் மாமனார். வங்கிக்குத் தவணை தேதி தவறுவதில்லை. கிளைச் சுவரில் 'சிறந்த கடன்தாரர்' வரிசையில் அவர் படம் ஆறு வருஷமாகத் தொங்குகிறது. புதிதாய் வந்த அன்று அந்தப் படத்தைப் பார்த்து அவள் பெருமைப்பட்டதை நினைத்தபோது, தன்மேலேயே எரிச்சல் வந்தது.

மதியச் சாப்பாட்டில் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் காலமாகிப் பல வருஷம். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

"மாமா, அந்த அம்மாவுக்கு மூணு வட்டிக்கா கொடுக்கிறீங்க?"

கணவன் வாயில் வைத்த கவளத்தை மெல்ல மறந்தான். சர்வேயர் நிதானமாகத் தண்ணீர் குடித்தார்.

"ஆமா. ஏன்?"

"அது பயிர்க்கடன் மாமா. உழுகிறவங்களுக்காகக் கொடுக்கிற பணம்."

"உழுகிறவளுக்குத்தானே போச்சு? நான் என்ன சீட்டாடியா தொலைச்சேன்?" டம்ளரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். அவர் கோபப்படும்போதெல்லாம் எல்லாமே சத்தமில்லாமல்தான் நடக்கும். "இதே உன் பேங்க் படியில அவ எத்தனை தடவை ஏறி இறங்கியிருக்கா, தெரியுமா? நிலம் உன் பேர்ல இருக்கா, ஜாமீனுக்கு ஆள் இருக்கா, போய்ட்டு வான்னு கழுத்தைப் பிடிச்சுத் தள்ளாத குறை. புருஷன் போன மறுமாசம் என் வாசல்லதான் வந்து நின்னா. நான் கொடுத்தேன். அவ ஓடிப்போனா பேங்க்குக்குக் கட்டப்போறது யாரு? நான்! அந்த ஆபத்துக்குத்தான் வட்டி. சும்மா வரல."

"ஆபத்துக்கு இவ்வளவா? அதனாலதானே ஆறரை ஏக்கர் முள்ளா கிடக்கு?"

"என் நிலம் முள்ளா கிடந்தா உனக்கு எங்க குத்துது?"

"அப்பா..." என்று கணவன் குறுக்கே வந்தான்.

"நீ சும்மா இரு. உன் பட்டறையில ஓடுற லேத் மெஷின் எந்தப் பணத்துல வந்துச்சுன்னு இவகிட்டச் சொல்லியிருக்கியா? சொல்லு. உன் பொண்டாட்டி தெரிஞ்சுக்கட்டும்."

கணவன் தலையைக் குனிந்துகொண்டான். சர்வேயர் எழுந்து கை கழுவப் போனார். போகிற வழியில் அவள் நாற்காலிக்குப் பின்னால் நின்று, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்: "இந்த வீட்டுச் சாப்பாட்டுல உப்பு எந்த வயல்ல இருந்து வருதுன்னு பார்த்துட்டு அப்புறம் ரிப்போர்ட் எழுது."

அன்று மாலை பட்டறையில் அவனைப் பிடித்தாள். டிராக்டர் ஒன்று வயிற்றைத் திறந்து போட்டபடி நின்றது. அவன் அதற்கடியிலிருந்து வெளியே வரவே இல்லை, அங்கிருந்தே பேசினான்.

"அவர் பண்றது சரின்னு நான் சொல்லல. ஆனா அப்பாவை நீயே போய் மாட்டிவிட்டா, நான் எந்த முகத்தோட வெளியில நடக்கிறது?"

"உங்க பட்டறைக்கு முன்ன மாசத்துக்கு எத்தனை பம்பு ரிப்பேருக்கு வந்துச்சு?"

"இருபது, இருபத்தஞ்சு."

"இப்போ?"

ஸ்பேனர் திருகும் சத்தம் நின்றது.

"ஒரு ஏக்கர் நாத்து நட முப்பது பேர் வேணும். அப்புறம் களை எடுக்க, அறுக்க, வெங்காயத் தாள் வெட்ட, மூட்டை தைக்க, லாரி ஏத்த. ஆறரை ஏக்கர் சும்மா கிடந்தா இத்தனை பேருக்கும் கூலி இல்ல. கூலி இல்லாதவங்க எந்தக் கடைக்குப் போவாங்க? உங்க அப்பா மாதிரி இந்தப் பக்கத்துல இன்னும் பதினேழு பேர் இருக்காங்க. மத்தியானம் பேங்க்ல ஃபைலைப் புரட்டி எண்ணிட்டேன். உங்க பட்டறை ஏன் காத்து வாங்குதுன்னு நீங்க யோசிச்சதே இல்லையா?"

"லேத்தை வித்துடவா? அதானே உனக்கு வேணும்?" என்றான் அவன் வெடுக்கென்று. அவள் திரும்பி நடந்தாள். அன்றிலிருந்து அவர்களுக்குள் பேச்சு, சாவி எங்கே, பால் வந்ததா என்ற அளவோடு நின்றது.

அடுத்த நாள் அறிக்கையைக் கிளை மேலாளர் மேசையில் வைத்தாள். மேலாளர் அதைப் படித்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடியும் படித்தார்.

"தவணை கட்டாதவங்களைத் தேடிப் போறதைப் பார்த்திருக்கேன். ஒழுங்கா கட்டுறவர்கிட்டப் போய்க் குத்தம் கண்டுபிடிக்கிற முதல் ஆள் நீங்கதான் மேடம்."

"சார், அந்தச் சார்ட்டைப் பாருங்க." அவருக்குப் பின்னால் சுவரில், கிளையின் விவசாயக் கடன் வருஷா வருஷம் ஏறுவதைக் காட்டும் படம் ஒட்டியிருந்தது. "ஆறு வருஷத்துல கடன் ரெண்டு மடங்கு. விவசாய ஆபீஸ்ல போய் நட்ட பரப்பை எழுதி வாங்கிட்டு வந்தேன். அது மூணுல ஒரு பங்கு குறைஞ்சிருக்கு. பணம் கூடுது, பயிர் குறையுது. அப்போ பணம் எங்க சார் போகுது?"

"எங்கேயோ போகட்டும். திரும்பி வருதில்ல? விவசாயத்துக்கு இவ்வளவு கொடுத்தோம்னு நான் மேல சொல்றேன், அவங்க அதுக்கு மேல சொல்றாங்க, கடைசியில நாடு முன்னேறுதுன்னு பேப்பர்ல வருது. யாருக்கு என்ன நஷ்டம்?" அறிக்கையை அவள் பக்கமாகத் தள்ளினார். "இன்னொண்ணு. கடன்தாரர் உங்க மாமனார். உறவுக்காரங்க கணக்கை ஆய்வு பண்ண உங்களுக்கு அதிகாரமே கிடையாது. இந்த ரிப்போர்ட் செல்லாது. வீட்டுச் சண்டையை வீட்டோட வச்சுக்கோங்க."

அவள் அறிக்கையைக் கையில் எடுத்தாள்.

"நீங்க சொல்றது சரி சார்" என்றாள்.

மேலாளருக்கு நிம்மதி. அந்த நிம்மதி சாயங்காலம் வரைதான் நீடித்தது. அவள் தன் இடத்துக்குப் போய்ப் புதிதாக ஒரு கடிதம் தட்டச்சு செய்தாள். கடன்தாரர் தனக்கு மாமனார் என்பதால் தான் விலகிக்கொள்வதாகவும், இதே மாதிரிப் பதினெட்டுக் கணக்குகள் இருப்பதால் எல்லாவற்றையும் ஆய்வு செய்ய வெளியாள் ஒருவரை அனுப்ப வேண்டும் என்றும் எழுதி, விதிப்படி மண்டல அலுவலகத்துக்கு ஒரு பிரதி வைத்து அனுப்பிவிட்டாள். மேலாளர் விஷயம் தெரிந்து கத்தியபோது, "நீங்க சொன்ன விதிதான் சார்" என்றாள். அவர் அதற்குப் பிறகு அவளை ஒருமுறைகூட நிமிர்ந்து பார்த்துப் பேசவில்லை.

வெளியாள் வருகிறார் என்ற செய்தி கறாருக்கு எட்டியது. அவள் கிளைக்கே வந்துவிட்டாள். வரிசையில் நிற்கவில்லை. நேராகக் கள அலுவலர் மேசை முன்னால் வந்து இரண்டு கையையும் ஊன்றினாள்.

"உன்னை யாரு கேட்டா?"

"அக்கா, உட்காருங்க."

"உட்கார்றதுக்கு வரல. அவர் கடனை நிறுத்திட்டா அடுத்த நடவுக்கு எனக்குப் பணம் யாரு கொடுப்பா? நீ கொடுப்பியா? மூணு வட்டியோ முப்பது வட்டியோ, அந்த ஆள் கொடுத்தாரு. உன் நேர்மைக்கு நான் பட்டினி கிடக்கணுமா?"

கிளையே திரும்பிப் பார்த்தது. கள அலுவலருக்கும் பொறுமை போய்விட்டது.

"கத்தாதீங்க! நிலப் பத்திரம் இல்லாமலே உங்களுக்குக் கடன் தர வழி இருக்கு. குத்தகைக்காரங்க அஞ்சு பேர் ஒரு குழுவா சேரணும். ஒருத்தர் கட்டலைன்னா மத்த நாலு பேரும் பொறுப்பு. அது ஒண்ணுதான் ஜாமீன். வட்டி வருஷத்துக்கு ஏழு. இந்த விதி வந்து ரெண்டு வருஷமாச்சு. இந்தக் கிளையில யாரும் உங்ககிட்டச் சொல்லல, அவ்வளவுதான்."

கறார் மேசையிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மேலாளர் அறைப் பக்கம் திரும்பி, கேட்கும்படியாகவே ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுத முடியாது.

"அஞ்சு பேரா?" என்றாள் திரும்பி. "இங்க உழுகிறவனுங்க எல்லாம் மடைத் தகராறுல ஒருத்தன் மண்டையை ஒருத்தன் உடைச்சவனுங்க. நானே ரெண்டு பேர் மேல கேஸ் போட்டிருக்கேன்."

"அது உங்க பாடு."

"ஏழு வட்டின்னு எழுதிக் கொடு. எழுத்துல கொடு. வாயால சொல்றது எனக்கு ஆகாது."

அவள் நான்கு பேரை எப்படிச் சேர்த்தாள் என்பதைப் பற்றி ஆளுக்கு ஒரு கதை சொல்கிறார்கள். ஒருவர் வீட்டு வாசலில் காலை முதல் உச்சிவெயில் வரை உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருந்தாளாம். தாங்க முடியாமல் கையெழுத்துப் போட்டாராம். இன்னொருவர் மேல் இருந்த வழக்கை வாபஸ் வாங்குவதாகச் சொல்லி வளைத்தாளாம். பத்தாம் நாள் ஐந்து பேரும் கிளையில் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கையெழுத்துப் போட ஒரே பேனாவைக்கூடக் கைமாற்றிக்கொள்ளவில்லை. மேசையில் வைத்தார்கள், அடுத்தவர் எடுத்தார். மேலாளர் கடனை மறுக்கத்தான் நினைத்தார். ஆனால் வெளி ஆய்வாளர் அதே வாரம் வந்திறங்கி, பதினெட்டு நிலத்தையும் அளந்து, பதினெட்டும் பித்தலாட்டம் என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். விவசாயக் கடன் இலக்கில் பெரிய ஓட்டை விழுந்திருந்தது. அந்த ஓட்டையை அடைக்க மேலாளருக்கு இந்த ஐந்து பேரை விட்டால் ஆளில்லை.

சர்வேயர் படம் சுவரிலிருந்து இறங்கியது. அவர் கடன் முழுவதையும் ஒரே காசோலையில் அடைத்தார். காசோலையை வங்கிக்கு எடுத்துப் போகவில்லை. காலையில் அவள் சாப்பிடும் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார். அதன்பிறகு அவர் அவளோடு பேசவில்லை. அவள் ஒரு அறைக்குள் வந்தால் அவர் அந்த அறையை விட்டு வெளியேறினார்.

கறாரிடம் மட்டும் பேசினார். வெங்காயம் அறுவடை முடிந்து வயல் காலியான அன்றே போய்ச் சொன்னார்: "நிலத்தைக் காலி பண்ணிக் கொடு. இனிமே நானே விவசாயம் பண்ணிக்கிறேன்."

குத்தகை எல்லாம் வாய்ப்பேச்சுதான். காகிதம் எதுவும் கிடையாது. கறாருக்கு வாதாட வழியில்லை. ஆனால் அவள் குழுப் பணத்தில் விதை வாங்கி, குழுவில் ஒருவர் உழுகிற நிலத்தில் பன்னிரண்டு ஏக்கருக்கான நாற்று விட்டு முடித்திருந்தாள். "போங்க. நல்லா பண்ணுங்க" என்று மட்டும் சொன்னாளாம்.

சர்வேயர் தோற்பதற்குப் பிறந்த ஆள் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து வரைபடம் போட்டவர். விவசாயத்தையும் அதே மாதிரிதான் ஆரம்பித்தார். டிராக்டர் வைத்து முள்ளையெல்லாம் பெயர்த்தார். பன்னிரண்டு ஏக்கரையும் உழுது, பாத்தி கட்டினார். ஒவ்வொரு பாத்தியும் கோடு போட்டாற்போல இருந்தது. எழுபது வயதில் தொப்பியும் போட்டுக்கொண்டு வயலில் நின்றவரைப் பார்த்தபோது, மருமகளுக்கே உள்ளுக்குள் ஒரு மரியாதை வந்தது. வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

நாற்றுக்குத்தான் திண்டாட்டம். பக்கத்தில் நாற்று விட்டிருந்தவர்கள் எல்லோரும் அந்தக் குழு ஆட்கள், அல்லது அவர்களுக்கு வேண்டப்பட்டவர்கள். காசைக் கையில் வைத்துக் கேட்டும் யாரும் கொடுக்கவில்லை. தூரத்திலிருந்து ஒரு லாரி நாற்று வரவழைத்தார். வெயிலில் ஒருநாள் முழுக்க அடைந்து வந்தது, இறக்கும்போதே மஞ்சள் பூத்திருந்தது. அதை நட ஆள் கூப்பிட்டால், "எங்களுக்குக் குழு ஆளுங்க நடவு இருக்குங்க" என்றார்கள். இரண்டு ஏக்கர் நட்டு முடிப்பதற்குள் வாரம் ஓடிவிட்டது. நட்டதில் முக்கால்வாசி கருகிப் போயிற்று. பணம் கொடுத்து வாங்குகிறவராகவே இருந்து பழகியவருக்கு, பணத்தை நீட்டினாலும் ஒரு கை நீளாது என்பது புதுப் பாடம்.

இந்தப் பக்கம் கறாருக்கும் நெருப்புமேல் நிற்கிற நிலைதான். நாற்றுக்கு வயது நாற்பத்தெட்டு நாள். இன்னும் பத்து நாளில் நடாவிட்டால் முற்றிப்போகும்; நட்டாலும் கிழங்கு கட்டாமல் பூ விட்டுவிடும். நடுவதற்கு நிலம் இல்லை. கடன் தலைமேல் நின்றது. மற்ற நான்கு பேரும் அவளைப் பார்க்கிற பார்வையிலேயே கேள்வி இருந்தது.

கள அலுவலர் நாற்றங்காலைப் பார்க்கப் போன அன்றுதான் சர்வேயர் வந்தார். சாலையோரம் நின்றுகொண்டார். வரப்பில் இறங்கவில்லை. கறாரும் நாற்றங்காலை விட்டு நகரவில்லை. நடுவில் முப்பது அடி. அந்த முப்பது அடியை யார் கடப்பது என்பதுதான் பிரச்சினை.

"நாத்து என்ன விலைன்னு கேளு" என்றார் சர்வேயர், மருமகளைப் பார்க்காமல், அவள் தலைக்கு மேலே இருந்த காற்றைப் பார்த்து. மூன்று மாதத்தில் அவர் அவள் காதுபடச் சொன்ன முதல் சொல்.

"விக்கிறதுக்கு இல்லன்னு சொல்லு" என்றாள் கறார்.

"முத்திப்போனா யாருக்கும் ஆகாதுன்னு சொல்லு."

"உழுத நிலம் காஞ்சாலும் யாருக்கும் ஆகாதுன்னு சொல்லு."

"நான் பணம் கொடுக்கலைன்னா இவ இத்தனை வருஷம் எங்க இருந்திருப்பான்னு கேளு!"

"நான் கட்டுன வட்டி இல்லைன்னா இவர் மகன் பட்டறையில சுத்தியலாவது இருந்திருக்குமான்னு கேளு!"

"ரெண்டு பேரும் வாயை மூடுங்க!"

தான் இப்படிக் கத்துவோம் என்று கள அலுவலரே எதிர்பார்க்கவில்லை. நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள். வண்டி சீட்டின்மேல் வைத்து, பேனாவை அதன்மேல் அறைந்தாள்.

"நான் உங்க ரெண்டு பேருக்கும் தபால்காரி இல்ல. நீங்க உழுது வச்சிருக்கீங்க, நாத்து இல்ல. நீங்க நாத்து வச்சிருக்கீங்க, நிலம் இல்ல. பத்து நாள் கழிச்சு ரெண்டு பேருக்கும் ஒண்ணும் இல்ல. எழுதுறதுன்னா எழுதுங்க. இல்லைன்னா நான் போறேன். எனக்கு இன்னும் நாலு வயல் பாக்கி இருக்கு."

வண்டிச் சாவியைக் கையில் எடுத்தாள். பிறகு கறார் வரப்பில் ஏறி வந்தாள். சர்வேயரும் சாலையிலிருந்து ஒரு காலை இறக்கிவைத்தார். பேரம் ஒன்றரை மணி நேரம் நடந்தது. அவர் ஒரு வருஷம் என்றார், அவள் ஐந்து என்றாள், மூன்றில் நின்றது. வாடகையை அவர் ஏற்றினார். உழுத கூலியை அவள் கழித்தாள். கருகிப்போன இரண்டு ஏக்கர் செலவை யார் தலையில் போடுவது என்பதில் இருவரும் மறுபடி பிரிந்து நடக்கப் பார்த்தார்கள். கடைசியில் அவர் எழுதினார். முத்து முத்தான சர்வேயர் கையெழுத்து. நான்கு எல்லைகளையும் அடி பிசகாமல் குறித்தார். பன்னிரண்டு ஏக்கர், மூன்று வருஷம், எழுத்துபூர்வமான குத்தகை.

கறார் அதை இரண்டு முறை படித்தாள். "தேதி போடலை" என்றாள்.

அவர் தேதி போட்டார். பேனாவை மருமகளிடம் நீட்டாமல் சீட்டின்மேல் வைத்துவிட்டுப் போனார்.

நடவு ஏழு நாள் நடந்தது. தினமும் ஐம்பது பேருக்குக் குறையாமல் வயலில் இறங்கினார்கள். பழைய மோட்டார் பன்னிரண்டு ஏக்கருக்கு இழுக்காமல் புகைந்தபோது பட்டறைக்காரன் வந்து, சகதியில் படுத்து, கருகிய ஒயரை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனான். கூலியை முழுசாக வாங்கிக்கொண்டான். அன்று வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம், "இந்த வாரம் எட்டு பம்பு வந்திருக்கு" என்றான். மன்னிப்பு மாதிரியும் இல்லை, சண்டை மாதிரியும் இல்லை. அவள் "ம்" என்றாள். அவர்கள் மறுபடி பேச ஆரம்பித்தது அப்படித்தான்.

விளைச்சல் நன்றாகவே இருந்தது, விலை சுமார்தான். எல்லோரும் ஒரே நேரத்தில் அறுத்ததால் சந்தையில் இறங்கிவிட்டது. ஆனாலும் ஏழு வட்டிக்குக் கட்டியது போக, கறார் கையில் முதல்முறையாக ஒரு தொகை தங்கியது. குழுவில் ஒருவர் கடைசித் தவணையைக் கட்டாமல் இழுத்தடித்தார். கறார் மறுபடி ஒருநாள் முழுக்க ஒரு வாசலில் உட்கார வேண்டியிருந்தது. கட்டிவிட்டார்.

மேலாளருக்குத்தான் நல்ல அறுவடை. குத்தகைக்காரர்களுக்குக் கடன் கொடுத்த முன்மாதிரிக் கிளை என்று மண்டல அலுவலகம் அவருக்குக் கேடயம் கொடுத்தது. கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, விவசாயக் கடன்தான் நாட்டின் பொருளாதாரத்துக்கு முதுகெலும்பு என்று அவர் இருபது நிமிஷம் பேசினார். கள அலுவலரின் பெயர் அந்த இருபது நிமிஷத்தில் வரவில்லை. அந்த வருஷப் பதவி உயர்வுப் பட்டியலிலும் வரவில்லை.

லாரி ஏற்றுகிற நாளில் அவள் வயல் பக்கம் போனாள். மூட்டைகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. மாமனார் சாலையோரம் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, தன் நிலத்தில் விளைந்தது தனக்குச் சம்பந்தமில்லாமல் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரி ரிவர்ஸ் வருது. நாற்காலியை எடுங்க" என்று கத்தினாள் கறார்.

அவர் எழுந்தார். நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு பத்து அடி தள்ளிப் போட்டார். மருமகள் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் நாற்காலியை அங்கேயே போட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார் என்பது அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் அவள் கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவர் வந்தார். வழக்கம்போல வெளியேறவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

"லாரிக்காரன் மூட்டைக்கு ரெண்டு ரூபாய் கூடுதலா வாங்கியிருக்கான். பெரிய ரோடு வழியா போனா பாதி தூரம்தான். அவளை ஏமாத்துறான்."

"அவங்ககிட்டச் சொல்லுங்க மாமா."

"நான் ஏன் சொல்லணும்?"

"அப்போ என்கிட்ட ஏன் சொல்றீங்க?"

அவர் கொஞ்ச நேரம் ஜன்னல் கம்பியை விரலால் தட்டிக்கொண்டு நின்றார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பழைய வரைபடம் ஒன்றை எடுத்து விரித்து, வயலிலிருந்து சந்தை வரைக்கும் சிவப்புப் பென்சிலால் வழி போட ஆரம்பித்தார். அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.